செபமாலையும் மூச்சும்



சில்வெஸ்டர் இரவில் ஸ்டுட்கார்ட் நகரெங்கும் வாணவெடிகள் வெடிக்கும்போது, நம்மவர் வீடுகள் சிலவற்றில் சன்னல்கள் அடைபட்டிருக்கும். பிள்ளைகள் பல்கனியில் நின்று கைதட்டுவர்; தாயோ தகப்பனோ உள்ளறையில் நடுங்கியபடி அமர்ந்திருப்பர். ஷெல்லுக்கும் பட்டாசுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவு அறியும், உடல் அறியாது. திருப்பலி முடிந்தபின் ஆலய வாசலில் நின்று, தயங்கித் தயங்கி இதை என்னிடம் சொன்னவர்கள் உங்களில் பலர். செபமாலை மாதமாகிய இந்த ஒக்டோபரில் அவர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையிலும் தெல்லிப்பழையிலும் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களின் பெயரை உங்களில் பலர் அறிவீர்கள். போர் நம் மக்களின் உள்ளத்தில் இட்ட வடுக்களை ஆராய்ந்து, 1998இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் அவர். அவரிடம் வந்தவர்கள் ‘என் மனம் காயப்பட்டிருக்கிறது’ என்று சொல்லவில்லை. தலையிடி என்றார்கள், நெஞ்சு படபடக்கிறது என்றார்கள், உடம்பெல்லாம் உளைகிறது என்றார்கள். 1995 யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் தேடியிருந்தோர் நூற்றுக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நடந்தது. அத்தகைய மண்ணில் மருந்தால் மட்டும் எத்தனை பேருக்கு உறக்கம் தர இயலும்?

தசைகளை இறுக்கித் தளர்த்தும் மேலைநாட்டுப் பயிற்சிகளை அவர் அறிந்தே இருந்தார். ஆயினும் மக்களின் கையில் ஏற்கெனவே இருந்தவற்றையும் அவர் தேடினார். இந்துக்களுக்கு மூச்சோடு ‘ஓம்’ என்னும் ஒலி; இஸ்லாமியருக்கு ‘சுப்ஹானல்லாஹ்’; பௌத்தருக்குச் சரணம்; நம்மவருக்கு இயேசுவின் திருநாமமும் செபமாலையும். பதுங்குகுழிக்குள் நம் பாட்டிமார் மணிகளை உருட்டிக்கொண்டிருந்ததை ஒரு மருத்துவர் அசட்டை செய்யாமல் உற்று நோக்கினார் என்பதே எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி.

நம் முன்னோர் இச்செபத்தைப் ‘பிரியதத்த மந்திரம்’ என்றும், ஆண்டவர் கற்பித்த செபத்தைப் ‘பரலோக மந்திரம்’ என்றும் அழைத்ததை முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். மந்திரம் என்ற சொல்லுக்கு நாம் பின்னாளில் கூசத் தொடங்கினோம். அவர்கள் கூசவில்லை.

திருச்சபைக்கும் இது புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் சீனாய் மலைத் துறவியான யோவான் கிளிமாக்கு, இயேசுவின் நினைவை மூச்சோடு இணைக்கும்படி கற்பித்தார். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிய போர்வீரரான இஞ்ஞாசியாரோ, தமது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே செபத்தின் ஒரே ஒரு சொல்லை மட்டும் உச்சரிக்கும் முறையை எழுதிவைத்தார். குருமடத்தில் அதைப் படித்தபோது தேர்வுக்கு மட்டுமே பயன்படும் என்று எண்ணினேன்!

2001இல் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லச்செய்து அளந்தனர். ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர் பிற்பாதியைச் சொல்லும் வழக்கத்தால், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் தாளமும் அதனோடு இசைந்தது. யோக மந்திரமும் அதே பலனைத் தந்தது. அவசரமாக ஐம்பத்து மூன்றையும் பத்து நிமிடத்தில் முடிக்கும் நம் சில குடும்பங்களுக்கு இப்பலன் கிட்டுமா என்பது ஐயமே.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், உறக்கமின்றித் தவித்த ஒரு தாயிடம், “அம்மா, இன்னும் கூடுதலாகச் செபியுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அவர் செபித்தார். உறக்கம் வரவில்லை, தம் விசுவாசம் போதவில்லை என்ற குற்றவுணர்வே மிஞ்சியது. அந்தச் சுமையை ஏற்றியவன் நான். தயா சோமசுந்தரம் அவர்கள் இம்முறைகளை மருந்துக்கும் உளவளத்துணைக்கும் பக்கத்தில் வைத்தாரேயன்றி, அவற்றின் இடத்தில் வைக்கவில்லை.

ஆகவே, இரவுகள் தொடர்ந்து கலைந்தால், பழைய காட்சிகள் அழையாமல் வந்தால், முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அகதிகளின் உளக்காயங்களுக்கென்றே ‘ரெஃபூஜியோ ஸ்டுட்கார்ட்’ என்னும் நிலையம் இந்நகரில் இயங்குகிறது. அங்கே செல்வது பைத்தியம் என்று பெயர் வாங்குவதன்று. சிகிச்சையாளர் ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று சொன்னால், அது அந்நியரின் வித்தை என்று எண்ணாதீர்கள். உங்கள் பாட்டி அறிந்திருந்ததையே அவர் கேட்கிறார்.

செபமாலையைக் கையிலெடுக்கும்போது கண்களை மூடவேண்டியதில்லை. சிலருக்குக் கண்ணை மூடினால்தான் அந்த நாட்கள் திரும்பிவரும். பாதங்கள் தரையில் படட்டும். மணியின் வடிவை விரல் உணரட்டும். பாதிச் செபத்தை ஒரே நீண்ட வெளிமூச்சில் மெதுவாகச் சொல்லி, பிறகு மூச்சை உள்ளே எடுங்கள். படபடப்புக் கூடினால் நிறுத்திவிடுங்கள், அது பாவமன்று.

வரும் சில்வெஸ்டர் இரவு பதினொரு மணி முதல் பங்கு மண்டபம் திறந்திருக்கும். சன்னல்களுக்குத் தடித்த திரை இடுவோம். தனியே இருக்கும் முதியோரை அழைத்துவர வாகனம் உள்ள இளைஞர்கள் எனக்கு அறியத்தாருங்கள். தேநீர் இருக்கும். செபமாலை இல்லாதவர்களுக்கு என்னிடம் நிறைய உண்டு.