மெழுகுக் கம்பியும் உஷ்ண கணிதமும்

உலோகங்கள் யாவும் உஷ்ணத்தை ஒரே விதமாகக் கடத்துவதில்லை என்பது அடுப்படியில் எல்லோரும் அறிந்த விஷயமேயானாலும், அந்த வித்தியாசத்தை அளந்து பார்க்கும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருக்கொண்டது. ஹாலந்து தேசத்தில் பிறந்து, 1768-இல் வியன்னா அரச குடும்பத்தாருக்கு அம்மை குத்திப் பிரசித்தி பெற்ற இங்கென்ஹவுஸ் என்னும் வைத்தியர், பெஞ்சமின் பிராங்க்ளினின் யோசனைப்படி, பருமன் ஒத்த பல உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, அவற்றின் ஒரு நுனியைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மெழுகு எதில் எவ்வளவு உருகுகிறதென்று கவனித்தார். வெள்ளி முதலிடம் பெற்றது. ஆனால் மெழுகு உருகும் விரைவைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது தவறு; உலோகம் தான் சூடேறுவதற்கு ஏற்கும் உஷ்ணமும் அந்த விரைவில் கலந்துவிடும். கம்பியின் உஷ்ணநிலை மாறாமல் நிலைத்தபின், உருகிய நீளங்களின் வர்க்கங்களே கடத்துதிறன்களின் விகிதம். ஒன்றில் மற்றதைப்போல் இருமடங்கு நீளம் உருகியிருந்தால், அதன் திறன் நான்கு மடங்காகும்.

இந்த ஒப்பீட்டை ஒரு சாஸ்திரமாக்கியவர் பிரெஞ்சு தேசத்துப் பூரியே. கிரெனோபிளில் அரசாங்க அதிகாரியாயிருந்து, சதுப்பு நிலங்களை வடிப்பதும் சாலை அமைப்பதுமான அலுவல்களுக்கிடையே அவர் எழுதி 1807-இல் பாரிஸ் பண்டித சபைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சியை லக்ராஞ்சு ஆட்சேபித்தார். 1812-இல் பரிசளித்தபோதும் சபை குறை கூறத் தவறவில்லை. நூல் வெளிவந்தது 1822-இல். அதன்பின் கடத்துதிறன் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் உரிய ஓர் எண்ணாயிற்று.

கலப்புப் பதார்த்தங்களில்தான் தொல்லை. மீட்டருக்கும் டிகிரிக்கும் வாட் கணக்கில் தாமிரத்தின் திறன் ஏறக்குறைய 400, தக்கையினுடையது 0.04. இரண்டையும் சம கனமுள்ள அடுக்குகளாக வைத்தால், அடுக்குகளின் நெடுக்கே உஷ்ணம் செல்லும்போது மொத்தத் திறன் சுமார் 200. குறுக்கே செல்லும்போதோ, ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் அதன் திறனால் வகுத்துக் கூட்ட வேண்டியிருப்பதால், வெறும் 0.08. சராசரி கண்டு திருப்தியடைவோர் இதைக் கவனிப்பது நல்லது. ஓர் ஊடகத்தில் சிறு கோளங்கள் விரவிய நிலைக்கு 1873-இல் மாக்ஸ்வெல் ஒரு சூத்திரம் கண்டார். மின்சாரத்துக்காக அவர் வகுத்ததே உஷ்ணத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் கோளங்கள் ஒன்றுக்கொன்று நன்கு விலகி நிற்கும்போது மட்டுமே அது செல்லும்.