மணலைக் காக்கும் கொடி



பள்ளி விடுமுறையில் கட்டுச்சோற்றுடன் பஸ் ஏறித் தெசாரு கடற்கரைக்குப் போய்வந்த தோட்டக் குடும்பங்கள் ஜொகூரில் பல. அங்கே சவுக்கு மரங்களுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கொடி படர்ந்து கிடக்கும். குதிரைக் குளம்பு போன்ற இலை. ஊதா நிறப் பூ. மலாய்க்காரர்கள் அதைத் தாப்பாக் கூடா என்பர். நாம் அடும்பு என்கிறோம். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோதே இடம்பெற்ற கொடி அது.

அந்தக் கொடி சும்மா கிடக்கவில்லை. காற்று அள்ளிவரும் மணலைத் தடுத்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மேடாக்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அலைகள் முதலில் மோதுவது இந்த மேட்டில்தான். அரிக்கப்பட்ட மணல் அமைதியான மாதங்களில் திரும்பி வரும். அதைப் பிடித்துவைக்கக் கொடி வேண்டும். இளம் ரப்பர் கன்றுகளுக்கிடையே மண் கரையாதிருக்கக் கொடி வளர்க்கிறோமே, அதே நியாயம்தான் இங்கும்.

இந்தக் காவலுக்கு யார் செலவு செய்வது? இது பழைய கேள்வி. ஹாலந்து நாட்டில் ரைன்லாந்து வட்டார நீர்வாரியம் 1255 ஆம் ஆண்டிலேயே பதிவேடுகளில் காணப்படுகிறது. கரையால் பாதுகாப்புப் பெற்ற நிலத்துக்காரர்களே இத்தகைய வாரியங்களுக்கு வரி கட்டினர். டென்மார்க்கில் மணல் பறந்து வயல்களை மூடியதால், மேட்டுப் புல்லைப் பிடுங்கலாகாது என்று 1539 இல் அரசர் கட்டளையிட்டார்.

எந்தச் செடியை நட்டாலும் போதும் என்று நினைப்பதும் தவறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1946 முதல் 1968 வரை, மணலை நிறுத்துவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் பிட்டூ புதரை அரசு இலாகாவே நட்டது. அது பரவி உள்நாட்டுச் செடிகளை அழுத்திவிட்டது. இன்று மாநில அரசு ஒரு பங்கும் ஊராட்சி மன்றங்கள் ஒரு பங்குமாகப் பணம் போட்டு, தொண்டர்களின் துணையோடு அதை அகற்றி, பழைய செடிகளை மீண்டும் நடுகின்றனர். முதலில் செய்த பிழைக்கு இரண்டாம் தலைமுறை பணம் கட்டுகிறது.

சவுக்கின் கதையும் இதற்குச் சான்று. காசுவரினா என்னும் அதன் பெயர் காசுவாரிப் பறவையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. நம் தீபகற்பத்தின் மணற்கரைகள் அதன் தாயகங்களுள் ஒன்று. 19 ஆம் நூற்றாண்டில் விறகுக்காக அது தமிழ்நாட்டுக் கரைகளில் நடப்பட்டது. இங்கே அது மண்ணின் மரம். அங்கே அது குடியேறி. அங்கு மணல்மேடுகளில் நெருக்கி நட்ட இடங்களில் அடும்புக்கு வெயில் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் 1985 இல் முடிந்த கடலரிப்பு ஆய்வு, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிக்கப்படுகிறது என்று காட்டியது. கல்லடுக்கிக் காப்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வேலையாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமி பினாங்கு, கெடா கரைகளைத் தாக்கியபின் எண்ணம் மாறியது. 2005 இல் மத்திய அரசு கடலோர மரநடுகைத் திட்டத்தைத் தொடங்கியது. சேற்றுக்கரையில் பாக்காவ் மரமும் மணற்கரையில் சவுக்கும் நடப்பட்டன. 2006 முதல் 2010 வரையிலான ஒன்பதாவது மலேசியத் திட்டத்திலும் இதற்கு நிதி ஒதுக்கப்பட்டது.

நடுவதற்குப் பணம் கிடைத்தது. ஆனால் கன்று நட்டவுடன் காடாகிவிடாது. வேலி வேண்டும், நடைபாதை வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுகன்று வேண்டும். ரப்பர் கன்றை நட்டுவிட்டு ஆறாண்டு திரும்பிப் பாராதிருந்தால் பால் கிடைக்குமா? இந்த ஆண்டுதோறும் செலவுக்கு ஊர்ப்பணமும் வேண்டும். 1976 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்றங்கள் வீட்டு வரி வசூலிக்கின்றன. 1981 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி மத்திய மானியமும் அவற்றுக்கு உண்டு.

லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட நம் குடும்பங்கள் பலவும் இன்று அந்த வரியைக் கட்டுகின்றன. ஆகவே கடற்கரைச் செடிக்கு இவ்வாண்டு என்ன ஒதுக்கினீர்கள் என்று மன்ற உறுப்பினரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த முறை கடலுக்குப் போகும்போது பிள்ளைகளைப் பாதைவழியே நடத்திச் செல்வோம்; அடும்பைக் காட்டி அதன் வேலையைச் சொல்லிக் கொடுப்போம்.