தேனி மாவட்டமும் இளங்கலை அறவியல் கல்வியும்

அறவியல் என்பது மனிதர் செய்யத்தக்கது எது, தகாதது எது என ஆராயும் துறை ஆகும். சமூகநீதி என்பது உரிமையும் வாய்ப்பும் அனைவருக்கும் நேர்மையாகக் கிடைப்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டின் இளங்கலைப் படிப்பில் இவை பெரும்பாலும் நான்காம் பகுதியில் அமைந்த விழுமியக் கல்விப் பாடத்தின் வழியே கற்பிக்கப்படுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கப்பட்ட உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இளங்கலைக் கல்வி அளித்துவருகிறது.

வட்டார எடுத்துக்காட்டு

இப்பாடத்தைக் கற்போர்க்கு இப்பகுதியின் வரலாறே ஓர் எடுத்துக்காட்டு ஆகும். குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாகக் கருதியது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட இச்சட்டம், பின்னர் மதுரை வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மீது செயல்படுத்தப்பட்டது. ஆண்கள் கைரேகை பதியவும், ஊரைவிட்டுச் செல்ல அனுமதிச் சீட்டு பெறவும் வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சட்டம் 1947-இல் மாகாணத்தில் நீக்கப்பட்டது. இச்சமூகத்தாருக்கெனத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அமைந்தன.

எழும் வினாக்கள்

முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் நீதியற்றதாக இருக்கும்போது அதற்குக் கீழ்ப்படிவது கடமையா என்பது இங்கு எழும் அறவியல் வினா. சட்டம் நீங்கியதும் அநீதி நீங்கிவிடுமா, இழந்த வாய்ப்பை ஈடுசெய்வதும் அரசின் பொறுப்பா என்பது சமூகநீதி வினா ஆகும்.