சாரல் காலத்து ஊர்: குற்றாலமும் தென்காசியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆரியங்காவுக் கணவாய் என்றும் செங்கோட்டைக் கணவாய் என்றும் வழங்கப்படும் மலை இடைவெளிக்குக் கிழக்கே, திரிகூடமலையின் அடிவாரத்தில் குற்றாலம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாற்றின் கரையிலேயே தென்காசி இருக்கிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்து மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்துடன் இந்த இடைவெளி வழியாகக் கிழக்கே நுழையும்போது, அது மழையாகப் பெய்யாமல் பொடித்தூறலாகச் சிதறுகிறது. இதுவே சாரல். பாளையங்கோட்டையும் கோவில்பட்டியும் வெக்கையில் வாடும் அதே நாட்களில், தென்காசி வட்டாரத்தில் வெயிலும் தூறலும் மாறி மாறி வர, மலையில் பெய்த மழை அருவிகளாக இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இந்தக் காலத்தைத்தான் வட்டார மக்கள் ‘சீசன்’ என்கிறார்கள்; ‘சீசன் எப்படி இருக்கு?’ என்னும் கேள்வி அருவியில் விழும் தண்ணீரையும், அதை நம்பிக் கடை விரித்தவர்களின் வியாபாரத்தையும் ஒருசேர விசாரிப்பது.

ஐரோப்பியர் இவ்வூரைத் ‘தென்னாட்டின் ஸ்பா’ என்று அழைத்தனர். ஸ்பா என்பது நோய் தீர்க்கும் நீரை நாடி மக்கள் சென்று தங்கும் ஊர். பெல்ஜியத்தில் அப்பெயருடைய ஓர் ஊரிலிருந்து வந்த சொல் அது. இங்கிலாந்தில் அத்தகைய ஊர்களுள் முதன்மையானது பாத். அங்கே நிலத்தடியிலிருந்து ஏறக்குறைய 46 டிகிரி வெப்பத்துடன் ஊறும் நீரைச் சுற்றி ரோமானியர் குளிப்பறைகள் கட்டினர். 18ஆம் நூற்றாண்டில் செல்வந்தர் கூடும் மண்டபங்களும் பிறைவடிவ மாளிகை வரிசைகளும் எழுந்தன. நீராடலும் நடனமும் சீட்டாட்டமும் சேர்ந்து அவ்வூரின் பருவகால வாழ்க்கையாக அமைந்தன. பாத் நகரில் ஊற்று கட்டடத்துக்குள் அடங்கியது, கட்டடத்துக்கு உரிமையாளர் இருந்தனர், உரிமையாளர் கட்டணம் வைத்தனர். குற்றாலத்து நீரோ சூடானதும் அன்று, கனிமம் செறிந்ததும் அன்று. அது காட்டு மரங்களின் வேர்களையும் பாறைகளையும் கழுவிக்கொண்டு வரும் மழைநீர். மூலிகைகளில் பட்டு வருவதால் அது நோய் நீக்கும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. உயரத்திலிருந்து விழும் வேகம் உடம்பைப் பிடித்துவிடுவதால் களைப்பு நீங்கும் என்பது குளித்தவர் எவரும் அறிந்த உண்மை. விழுகின்ற ஆற்றை எவராலும் சுவர் எழுப்பி அடைத்துவிட முடியவில்லை. ஆகவே தீர்த்தமாடும் பக்தர், ஓய்வு நாடிய வெள்ளைக்காரர், ஜமீன்தார், கவிஞர், ரயிலேறி வந்த நடுத்தரக் குடும்பத்தார் என ஒருவர் பின் ஒருவராக வந்தோர் எல்லாரும், முன்னவரை அகற்றாமலே அதே நீரில் பங்கு பெற்றனர். குற்றாலத்தின் வரலாற்றில் கவனிக்கத்தக்க முதற்செய்தி இதுவே என்று கொள்ளலாம்.

இவர்களுள் காலத்தால் முந்தியவர் பக்தர். பேரருவியை ஒட்டி நிற்கும் குற்றாலநாதர் கோயில் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்றது. அவர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், இங்குள்ள தலவிருட்சமான குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியுள்ளார். தலவிருட்சம் என்பது கோயிலுக்கே உரியதாகப் போற்றப்படும் மரம். மரத்துக்கென்றே தனிப்பதிகம் அமைந்தது இவ்வூரில் காடும் கோயிலும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதைக் காட்டுகிறது. கோயிலின் கட்டட அமைப்பு சங்கின் வடிவை ஒத்திருப்பதால் அதைச் சங்கக் கோயில் என்பர்; திருமாலாக இருந்த மூர்த்தியை அகத்தியர் சிவலிங்கமாகக் குழைத்தார் என்னும் தலபுராணக் கதை இந்த வடிவத்துக்குக் காரணம் கூறுகிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்து அருவியில் நீராடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்நாட்களில் பேரருவிக்குச் செல்லும் வழியில் உல்லாசப் பயணியையும் திதி கொடுக்க வந்தவரையும் பிரித்தறிவது எளிதன்று.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தனிக் கட்டடமாக இருக்கும் சித்திர சபை அருவிக்கு வருவோரில் பெரும்பாலோர் காணாமலே திரும்பும் இடம். நடராசப் பெருமான் ஆடியதாகக் கூறப்படும் ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு இரத்தின சபை ஆகிய நான்கிலும் வழிபாடு திருமேனிக்கு நடக்க, இங்கே மட்டும் அது சுவரில் தீட்டிய ஓவியத்துக்கு நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். பிறகு சுவர்களில் தெய்வ உருவங்களும் புராணக் காட்சிகளும் காவியும் பச்சையும் மஞ்சளுமாக ஒவ்வொன்றாகத் துலங்கும். மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் இந்தச் சபையில் தாண்டவ தீபாராதனை நடைபெறுகிறது. ஈரம் சுமந்த காற்று ஆண்டில் பாதி நாள் வீசும் ஓர் ஊரில், சுண்ணாம்புச் சுவரின் மேல் நிறத்தைத் தெய்வமாக நிறுத்தியவர்களின் துணிவு வியப்புக்குரியது. அந்த ஓவியங்களைப் பேணுவது அருவியைப் பேணுவதற்குச் சற்றும் குறையாத கடமை.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி என்பது, உலா வரும் தலைவன்மேல் காதல் கொண்ட தலைவிக்கு மலைக்குறத்தி ஒருத்தி குறி சொல்வதாக அமையும் இசைநாடக வகை. இந்நூலில் வசந்தவல்லி குற்றாலநாதரைக் கண்டு மயங்க, குறத்தி அவளுக்குத் தன் மலையின் வளத்தை எடுத்துரைக்கிறாள். அந்தப் பகுதி இம்மலைக்குக் கிடைத்த மிகச் சிறந்த வருணனை என்பதில் ஐயமில்லை. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அது ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. 1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது, குற்றாலத்தை நேரில் காணாத நகரத்தாருக்கும் அதன் காடும் அருவியும் அறிமுகமாயின.

தென்காசியின் வரலாறு வேறு வகையானது. மதுரையை இழந்த பாண்டியர், 15ஆம் நூற்றாண்டில் இவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு ஆண்டபோது, அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். தெற்கிலிருந்து காசிக்குப் புறப்படும் அடியார் பலர் வழியிலேயே மாண்டுபோவதால், அவர்களுக்காக இங்கேயே கோயில் எழுப்புமாறு சிவபெருமான் அவன் கனவில் கூறியதாக ஐதிகம். கோபுர வேலை 1457இல் தொடங்கிற்று. இந்த மன்னன் கல்லில் வெட்டுவித்த தமிழ்ப் பாடல்கள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுள் தனித்து நிற்பவை. வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி மரபை விட்டு, இக்கோயில் பிற்காலத்தில் பழுதுபட்டால் அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரைத் தான் அடிபணிந்து வணங்குவதாக, இனிப் பிறக்கப் போகிறவர்களிடம் ஓர் அரசன் அவற்றில் வேண்டிக்கொள்கிறான். அவ்வேண்டுகோளுக்குத் தேவை வரவே செய்தது: கோபுரம் சிதைந்து, மேல்நிலைகளின்றி நெடுங்காலம் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊராரும் நன்கொடையாளரும் கூடி ஒன்பது நிலைகளுடன் அதை மீண்டும் எழுப்ப, 1990இல் குடமுழுக்கு நடந்தது. கல்வெட்டைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்ப்பவருக்கு, அந்தப் பழைய வணக்கம் யாரைச் சென்று சேர்ந்தது என்பது விளங்கும். இதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியன் நைடதமும் நறுந்தொகையும் இயற்றிய புலவன் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஆட்சி சுருங்கிய காலத்தில்தான் தென்காசிப் பாண்டியர் தமிழில் மிகுதியாக எழுதினர்.

பாளையக்காரர்களுடன் நடந்த போர் 1801இல் முடிந்து திருநெல்வேலிச் சீமை முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், குற்றாலம் அவர்களது பருவகால ஓய்விடமாயிற்று. அதற்கு முன்பே கும்பினியாரின் பார்வை இம்மண்ணின்மேல் விழுந்திருந்தது. 1796இல் டச்சுக்காரரிடமிருந்து மொலுக்கா தீவுகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அத்தீவுகளைத் தாயகமாகக் கொண்ட சாதிக்காய், கிராம்பு நாற்றுகளைத் தம் ஆட்சிப் பகுதிகளில் நட்டுப் பார்த்தபோது, ஈரமும் நிழலும் வாய்ந்த குற்றாலத்து மலையடிவாரமும் அச்சோதனைக்குத் தேர்வாயிற்று. இன்று சீசனில் சாலையோரம் குவித்து விற்கப்படும் மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் ஆகியவையும் அந்தக் கீழைத் தீவுகளின் பக்கத்தைத் தாயகமாகக் கொண்டவையே. பழத்தோட்ட அருவி என்னும் பெயருக்குக் காரணமான தோட்டம் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. கறுத்த தோலை விரலால் அழுத்திப் பிளந்து, வெண்சுளையை வாயிலிட்டுக்கொள்ளும் பயணி ‘குற்றாலத்துப் பழம்’ என்றே மங்குஸ்தானை ஊருக்கு வாங்கிச் செல்கிறார்.

இக்காட்டின் செடிகொடிகளை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் ராபர்ட் வைட் குறிப்பிடத்தக்கவர். படை மருத்துவராகப் பாளையங்கோட்டையில் பணியாற்றிய இவர், 1830களின் நடுப்பகுதியில் குற்றாலத்தில் ஏராளமான தாவரங்களைச் சேகரித்து, இவ்விடத்துத் தாவரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். அவரது நூல்களுக்கு இலையும் பூவும் நுணுக்கம் பிசகாமல் வரைந்துகொடுத்த இந்திய ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும் அவருக்கு இணையாக நினைக்கப்பட வேண்டியவர்கள். மலையடிவாரத்தில் துரைமார் பங்களாக்கள் எழுந்தன. ஜமீன்தார்களும் தங்கும் மாளிகைகளை அமைத்தனர். திருவிதாங்கூர் மன்னர் குடும்பம் கட்டிய அரண்மனை இன்றும் கேரள அரசின் உடைமையாகக் குற்றாலத்தில் இருக்கிறது. ஆயினும் ஊரின் போக்கை மாற்றியது இருப்புப்பாதைதான். மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளில் பாலம் எழுப்பியும் போடப்பட்ட கொல்லம்–செங்கோட்டைத் தடம் 1904இல் திறக்கப்பட்டுத் திருநெல்வேலியுடன் இணைந்ததும், குற்றாலத்துக்கு வர மாட்டுவண்டியும் நாள்கணக்கில் ஓய்வும் வேண்டும் என்ற நிலை மாறிற்று.

இவ்வாறு வந்தோருள் ஊருக்குத் தமிழ் நாட்டில் புதிய மதிப்பைத் தேடித் தந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தை நடத்திவந்த இவர், பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறி, 1954இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். காலையில் அருவிக் குளியல், பிறகு விருந்து, அதன்பின் கம்பன் பாட்டை ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நிறுத்திச் சுவைத்தல் என்று அவ்வீட்டு நாள் நகரும். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினர். ஐரோப்பிய ஊற்றூர்களில் செல்வரின் பொழுதுபோக்காக வளர்ந்த பருவகாலக் கூட்டம், குற்றாலத்தில் ஒரு மனிதரின் ரசனையால் கவிதை கேட்கும் கூட்டமாக உருக்கொண்டது என்பதை மிகைக் கூற்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

சுற்றுப்புறங்களில் இலஞ்சிக் குமாரர் கோயிலும் பண்பொழித் திருமலைக் கோயிலும் வழிபாட்டுக்காகவும், ஐந்தருவியும் பழைய குற்றாலமும் குளியலுக்காகவும் நாடப்படுகின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டு ஆட்சிப் பகுதியில் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்ட பிறகும், பழைய எல்லையில் இருந்த பிரானூர் இன்றுவரை ‘பார்டர்’ என்றே அழைக்கப்படுகிறது, அங்குள்ள கடைகளின் பரோட்டாவும் பார்டர் பரோட்டா என்றே பேர் பெற்றிருக்கிறது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

பேரருவியில் மேலிருந்து பாய்ந்து வரும் சிற்றாறு நேரே தரையில் விழுவதில்லை. பாதி வழியில் பாறை குடைந்த பொங்குமாங்கடல் என்னும் ஆழ்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்தே கீழே பரவுகிறது. அக்குழி இல்லையெனில் அருவியின் அடியில் மனிதர் நிற்பது இயலாது. பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட வளைவை மக்கள் ‘ஆர்ச்’ என்பர். நீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கப்படும். பாத் நகரின் பழைய ரோமானியக் குளத்தில் 1978க்குப் பின் எவரும் இறங்க அனுமதி இல்லை. நோய்க்கிருமி காரணமாக அது பார்வைப் பொருளாயிற்று. குற்றாலத்து நீர் இன்னும் குளிக்கும் நீராக இருப்பதனாலேயே அதைக் காக்கும் பொறுப்பும் பெரிதாகிறது. உடலெங்கும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டுக்கொண்டு அருவியில் நிற்பது தலைமுறைகளாக இருந்த வழக்கம். அதனுடன் சோப்பும் ஷாம்பூவும் சேர்ந்து ஆற்றைக் கெடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மலைமேல் உள்ள செண்பகாதேவி, தேனருவி ஆகியவற்றுக்குச் செல்வதை வனத்துறை கட்டுப்படுத்தியிருக்கிறது. அருவியில் விழுந்த நீர் அணைக்கட்டுகள் வழியே குளங்களையும் வயல்களையும் நிரப்பிய பின்னரே, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலப்பதால், மேலே காட்டில் விதிக்கப்படும் கட்டுப்பாடு கீழே தென்காசியைக் கடந்து நெடுந்தொலைவு வரை உள்ள உழவர்களுக்கும் உரியதாகிறது.