பல்லும் பகுத்தறிவும்

வீட்டில் ஒருவருக்குப் பல்வலி கண்டால் அன்றிரவு அவ்வீட்டில் எவர்க்கும் உறக்கமில்லை. குழந்தை அழும், தாய் கிராம்பைத் தட்டி வைப்பாள், பாட்டி உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பாள், தந்தையோ, "விடியட்டும், பார்க்கலாம்" என்பார். விடிந்தவுடன் வலி சற்றே தணியும், பார்ப்பதும் மறந்துபோம். மறுபடி வலி எழும்போது பல்லில் பாதி இராது. இது நம்மவர் இல்லந்தோறும் நிகழ்வது. கண்ணுக்கும் காதுக்கும் காட்டும் கவலையில் கால்பங்கேனும் நாம் பல்லுக்குக் காட்டுவதில்லை. "பல் போனால் சொல் போச்சு" என்று பழமொழி மட்டும் வைத்திருக்கிறோம்.

பல் வைத்தியத்தின் வரலாறு வெறும் குறட்டின் வரலாறன்று. அறியாமைக்கும் அறிவுக்கும் நடந்த நெடும்போரின் வரலாறாகும். அதனைச் சிறிது ஆராய்வோமாக.

பூச்சிப்பல்

சொத்தை விழுந்த பல்லை நாம் "பூச்சிப்பல்" என்கிறோம். இச்சொல்லிலேயே ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்து கிடக்கின்றது. பல்லுக்குள் புழு ஒன்று புகுந்து குடைகிறது என்பதே அது. இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைய பாபிலோனியர் இதை நம்பினர், சீனர் நம்பினர், ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் நம்பினர். நம் நாட்டில் கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டுப் புகைபிடிக்கச் செய்தனர். ஐரோப்பாவில் வேறொரு செடியின் விதையைக் கொண்டு அதையே செய்தனர். நெருப்பில் வெடித்த விதையின் முளை வெண்ணிறப் புழுவைப் போலத் தோன்றும். "இதோ பார், உன் பல்லிலிருந்து விழுந்த பூச்சி!" என்று காட்டிக் காசு பறித்தவர் எத்தனையோ பேர்.

ஆயினும், பண்டை மக்கள் யாவரும் புகையோடு நின்றுவிட்டனர் என்று எண்ணுதல் தவறு. பலுச்சிஸ்தானத்து மெஹர்கட் என்னுமிடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் புதைகுழிகளில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்கள் கருவியால் துளையிடப்பட்டிருப்பதை அறிஞர் கண்டனர். 2006-ஆம் ஆண்டில் அது வெளியிடப்பட்டது. கல்முனை பொருத்திய துரப்பணத்தால் பல்லைத் துளைத்த அக்கைகள் எத்துணைத் திறமை வாய்ந்தவை! அத்திறமை அவ்விடத்திலேயே பின்னர் மறைந்தொழிந்தது. அறிவை எழுதிவைத்துப் பிறர்க்கும் கற்பியாவிடில் அது கைவிட்டுப் போம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறிவை எழுதிவைத்தவர் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார் என்பவர். சந்தைகளில் மேடையிட்டுத் தம்பட்டம் அடித்துப் பல் பிடுங்குவோரும், சவரக் கத்தியோடு குறடும் வைத்திருந்த நாவிதருமே பல் வைத்தியராயிருந்த காலத்தில், 1728-இல் அவர் தம் தொழில் முழுவதையும் ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டார். பல்லைச் சுரண்டித் துப்புரவு செய்தல், குழியை அடைத்தல், கோணற்பல்லை நேராக்குதல், பொய்ப்பல் கட்டுதல் என யாவும் அதில் அடங்கின. தேடியும் தாம் பற்புழுவைக் கண்டதில்லை என்று அவர் துணிந்து கூறினார். அத்தகைய பேரறிஞரும், வாய் கொப்பளிக்கத் தன் சிறுநீரே நன்று என்று அதே நூலில் எழுதியுள்ளார்! பெரியார் கூற்றாயினும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஏழையின் பல்

பதினெட்டாம் நூற்றாண்டில் செல்வர் சர்க்கரையை மிகுதியாக உண்ணலாயினர். பல்லையும் மிகுதியாக இழந்தனர். இழந்த இடத்தில் வைக்கப் பல் வேண்டுமே! லண்டனில் ஏழைச் சிறுவர்க்குச் சில காசு கொடுத்து, அவர்தம் நல்ல பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் செல்வர் வாயில் நடும் வழக்கம் எழுந்தது. 1771-இல் பற்களைப் பற்றி அரிய நூலெழுதிய ஜான் ஹன்டர் என்னும் மருத்துவமேதையே இம்முறையை ஆதரித்தார். 1787-இல் ரோலண்ட்ஸன் என்னும் ஓவியர் இக்கொடுமையைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். 1815-இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் வாய்களிலிருந்தும் பற்கள் பிடுங்கி விற்கப்பட்டன. அதனால் அத்தகைய பற்களுக்கு "வாட்டர்லூப் பற்கள்" என்றே பெயர் வழங்கிற்று. வறியவன் உழைப்பைத் தின்றது போதாதென்று அவன் பல்லையும் பறித்துத் தின்ற காலம் அது.

வலியை வென்றவர்

பல் வைத்தியம் என்றவுடன் மக்கள் நடுங்கியது வலிக்கே. அந்த வலியை வெல்ல முன்வந்தவரும் பல் வைத்தியரே என்பது பலரும் அறியாத செய்தி. 1844-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், சிரிப்பு வாயுவை முகர்ந்தவன் காலில் அடிபட்டும் வலியறியாதிருந்ததை ஹோரஸ் வெல்ஸ் என்பவர் ஒரு காட்சியிற் கண்டார். மறுநாளே தாம் அவ்வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்தார், வலி தெரியவில்லை. 1845 ஜனவரியில் பாஸ்டன் நகர மருத்துவர் முன்னிலையில் அதனைச் செய்து காட்டியபோது, நோயாளி முனகவே, கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். அவருடன் முன்னர்த் தொழில் செய்த மார்ட்டன் என்னும் பல் வைத்தியர், 1846 அக்டோபர் 16-இல் அதே நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்க, அறுவை வலியின்றி முடிந்தது, உலகம் வியந்தது. மனமுடைந்த வெல்ஸ் 1848-இல் சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1864-இல் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் முதற்பெருமை அவர்க்கே உரியதென்று அறிவித்தது. செத்தபின் சூட்டிய மாலை!

நம் மரங்களும் அவர் பற்களும்

இனி, நம் மலாய் நாட்டோடு இவ்வரலாறு பிணைந்த இடத்திற்கு வருவோம்.

1843-இல் சிங்கப்பூரிலிருந்து டாக்டர் மான்ட்கோமரி என்பவர் ஒரு மரப்பாலின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மலாய் மக்கள் அதனைக் கெத்தா பெர்ச்சா என்றனர். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் இப்பொருளைக் கொண்டு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டனர். அதற்காகக் காடுகாடாக மரங்களை வெட்டி வீழ்த்தினர். பல் வைத்தியரும் அதனை விடவில்லை. பல்லின் வேர்க்குழாயிலுள்ள அழுகிய நரம்பை நீக்கித் துப்புரவு செய்தபின், அவ்வெற்றிடத்தை நிரப்ப இதுவே தக்கதென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டனர். இன்றும் வேர்ச்சிகிச்சை செய்துகொண்ட ஒருவருடைய பல்லுக்குள் பெரும்பாலும் இருப்பது இப்பொருளே.

ரப்பரின் கதையோ இன்னும் நெருக்கமானது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி இறுக்கும் முறையை அமெரிக்கரான குட்இயர் கண்டார். அவர் தம்பி 1851-இல் அதனைக் கல்போல் கடினமாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அக்கடின ரப்பரால் பொய்ப்பற்களுக்கு அடித்தகடு செய்யலாயினர். தந்தத்திலும் பொன்னிலும் செல்வர் மட்டுமே கட்டிக்கொண்ட பற்செட்டு, இதனால் நடுத்தர மக்களுக்கும் எட்டியது. 1940-ஐ ஒட்டி அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருள் வரும்வரை, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ரப்பரே உலக மக்களின் பொய்ப்பற்களைத் தாங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக ரப்பரில் பெரும்பகுதி மலாய் நாட்டிலிருந்து சென்றது. அதிகாலைப் பனியில் எழுந்து, மரஞ்சீவி, பால் எடுத்தவர் யார்? நம் தமிழ்த் தொழிலாளர். எங்கோ இருந்த கிழவர்களைச் சிரிக்க வைத்த அப்பாலை இறக்கிய கைகளுக்கு உரியவரில், பொக்கை வாய்க்குப் பல் கட்டிக்கொண்டவர் எத்தனை பேர்? தோட்டத்து டிரசரிடம் இருந்தது குறடு ஒன்றுதான்.

அமில உண்மை

பற்புழுவின் கதையை முற்றும் முடித்தவர் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்கர். வாயில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், பல்லில் ஒட்டிய மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் மேற்பூச்சைக் கரைக்கின்றது என்று 1890-இல் தம் நூலில் விளக்கினார். ஆகவே பல் துலக்குவது அழகுக்கு மட்டுமன்று. கிருமியின் சோற்றுப் பானையைக் கவிழ்ப்பதற்காகும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு துலக்கிய நம் முன்னோர் காரணம் அறியாமலே காரியத்தில் நன்மை செய்தனர். காரணமும் அறிந்த நாம் இரவில் துலக்காமல் படுப்பது எவ்வளவு பேதைமை!

நோய்க்குக் காரணம் தெரிந்தபின் தடுப்பும் பிறந்தது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ மலைநகரில் குடியேறிய மக்கே என்னும் பல் வைத்தியர், அங்குள்ளோர் பற்களில் பழுப்புக்கறை இருப்பதையும், அப்பற்கள் எளிதிற் சொத்தையாகாமையையும் கண்டார். முப்பதாண்டு ஆராய்ச்சிக்குப்பின், 1931-இல், குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே காரணம் என்று தெரிந்தது. அளவறிந்து சேர்த்தால் கறையின்றிக் காப்பு மட்டும் கிட்டும் என்று கண்டு, 1945 ஜனவரி 25-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் முதன்முதல் கலந்தனர். 1958-இல் சிங்கப்பூர், தன் மக்கள் அனைவர்க்கும் இவ்வாறு நீர் வழங்கி ஆசியாவில் முதன்மை பெற்றது. மலேசிய அமைச்சரவை 1972-இல் இதனை நாட்டுக் கொள்கையாக ஏற்றது. குழாயைத் திறக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் ஒரே காப்பு! இதுவன்றோ சமதர்மம்?

நம் நாட்டுப் பள்ளிகள்

1929-இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில்தான் ஈ. வெ. ராமசாமி பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். ஒன்று வாயின் அழுக்கையும், மற்றொன்று மனத்தின் அழுக்கையும் நீக்க வந்தன எனலாம். நியூசிலாந்து நாடு 1921-இல் இளம்பெண்களைப் பயிற்றிப் பள்ளிப்பிள்ளைகளின் பல்லைப் பேண அனுப்பியது. அம்முறையைப் பின்பற்றிப் பினாங்கில் 1949-இல் பல் தாதியர் பயிற்சிப்பள்ளி தோன்றிற்று. வெள்ளுடை அணிந்த பெண்ணொருத்தி பள்ளிக்கூடத்துக்கே வந்து, குறடின்றிப் புன்சிரிப்போடு குழந்தையின் வாயைத் திறக்கச் செய்தது, நூறு பிரசங்கங்களினும் மேலான சீர்திருத்தமாகும்.

எஞ்சிய இருள்

இத்தனை வந்தும் நம்மிடையே இருள் நீங்கிற்றா? "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று சீழ்பிடித்த பல்லோடு காலங்கழிப்போர் இன்றும் உளர். மேல்பல்லின் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. பிடுங்காது விட்ட சீழே ஆபத்து. "பாற்பல் தானே, விழப்போவது" என்று குழந்தையின் சொத்தையைப் பொருட்படுத்தாதோரும் உளர். பாற்பற்கள் இருபதும் பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. மேலும், ஆறாம் வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலையான பல். அதனையும் பாற்பல்லென எண்ணிக் கெடவிடும் பெற்றோர் பலர்.

யாவற்றினும் கொடியது வெற்றிலைப்பாக்கோடு புகையிலை குதப்பும் பழக்கம். சபையில் மரியாதையென்றும், களைப்புக்கு மருந்தென்றும் அதனைப் போற்றினோம். 2004-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுநோய் விளைப்பது என்று முடிவு கூறினர். மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரினும் இந்தியரிடையே மிகுதி. அதிலும் நம் தாய்மாரே பெரிதும் இரையாகின்றனர். ஆறாத புண்ணோ வெண்படலமோ வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், தட்டத்தைத் தள்ளிவைத்து மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மெஹர்கட்டில் தோன்றிய திறமை கற்பிப்பாரின்றி மறைந்தது. நமக்கோ நூலும் உண்டு, மருத்துவரும் உண்டு. குறைவது "விடியட்டும்" என்று தள்ளாத மனம் ஒன்றே. தோழர்களே, இன்றிரவு படுக்குமுன் உங்கள் குழந்தையை விளக்கருகே அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கரும்புள்ளி ஒன்று கண்டால், நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள்.