கிளமிடியா: குழந்தையின் கண்ணில் ஆரம்பித்து அப்பா வரைக்கும்

1/ ராயகிரி பக்கம் ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கும் காட்சி. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மாமியாரோட மனைவி மட்டும் வருவாங்க. "அவுக வரலையாம்மா?"ன்னு கேட்டா, "அவுகளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்". இந்தப் பதிலுக்காகத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

2/ இந்தப் பதில் புதுசில்ல. 1868-ல் ஆங்கிலேய அரசு, சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுக்க இந்தியாவில் ஒரு சட்டம் போட்டது. பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, பரிசோதித்து, நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்'ல அடைச்சாங்க. மெட்ராஸிலும் ஒண்ணு இருந்தது. அந்தப் பெண்களிடம் போன ஆண்களுக்கு அந்தச் சட்டத்தில் பரிசோதனையே கிடையாது. நோய் எப்படி அடங்கும்? 1888-ல் சட்டம் ரத்து.

3/ கிளமிடியான்னு ஒண்ணு இருப்பதே அப்போ யாருக்கும் தெரியாது. 1907-ல் ஜாவாவுக்கு சிஃபிலிஸ் ஆராய்ச்சிக்குப் போன ஹால்பர்ஸ்டேட்டர், ப்ரோவாசெக் இருவரும், டிரக்கோமா என்ற கண்நோய் வந்தவரின் கண்ணில் சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான் கண்ணில் தடவிப் பார்த்தாங்க. மைக்ரோஸ்கோப்பில், செல்லுக்குள்ள நியூக்ளியஸ் மேல போர்வை போர்த்தின மாதிரி புள்ளிக்கூட்டம். கிரேக்கத்தில் 'கிளமிஸ்' என்றால் மேலங்கி. பெயர் வந்த கதை இதுதான்.

4/ அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில், பிறந்த குழந்தைகளின் சீழ் பிடித்த கண்ணிலும் அதே புள்ளிகள். எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினால், அம்மாவின் கர்ப்பப்பை வாயில் இருந்தது. அப்பாவின் சிறுநீர்ப் பாதையிலும் இருந்தது! ஆக, ஒரு கிருமி, மூணு பேர். 1910 வாக்கிலேயே விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

5/ ஆனா லேபில் வளர்க்க முடியல. வைரஸ்னு நினைச்சாங்க. 1957-ல் சீனாவின் டாங் ஃபெய்ஃபான், டிரக்கோமா கிருமியைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்ததை வெளியிட்டார். தன் கண்ணிலேயே விட்டும் சோதிச்சார். 1959-ல் லண்டனில், கண்நோய் வந்த ஒரு குழந்தையின் அம்மாவிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தாங்க. 1960-களில்தான் இது பாக்டீரியான்னு உறுதியாச்சு. அதாவது, ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

6/ இவ்வளவு தாமதம் ஏன்? இது சத்தம் போடாத கிருமி. பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இல்லை. ஆண்களிலும் பலருக்கு இல்லை. உள்ளுக்குள்ள கருக்குழாயைத் தழும்பாக்கி அடைச்சிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-ல் மட்டும் புதுசா சுமார் 12.9 கோடித் தொற்றுகள்.

7/ குழந்தையின்மைக்கு இது மட்டுமே காரணமில்ல. ஆனா "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ல டெஸ்ட் வேணும். தொற்று இருந்தா இரண்டு பேருக்கும் மாத்திரை, முடிச்சு ஒரு வாரம் வரை உறவு வேண்டாம். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா திரும்ப ஒட்டிக்கும். எப்போ வந்துச்சுன்னு டெஸ்ட் சொல்லாது, பல வருஷம் பழசாவும் இருக்கலாம். அதை வச்சு யார் நடத்தையையும் சந்தேகப்படாதீங்க.

8/ அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்தில் இலவசம், ரகசியம் காக்கப்படும்.

9/ கடைசியா ஒண்ணு. டிரக்கோமாவும் இதே கிருமியின் வேறு வகைதான். இந்தியா அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிச்சிட்டதா 2024-ல் அறிவிச்சாங்க. கண்ணில் வந்தப்போ யாரும் வெட்கப்படல, குடும்பத்தோட வந்து மருந்து வாங்கினாங்க. கீழே வந்தா மட்டும் மனைவியைத் தனியா அனுப்புறோம். அண்ணன்களா, அடுத்த தடவை நீங்களும் கூட வாங்க.