மினிடெல்லும் பேத்தியின் இன்டர்வியூவும்

போன வாரம் பேத்திக்குச் சென்னையில் ஓர் இன்டர்வியூ. முன்பு வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று ஒரு மின்னஞ்சலோடு அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதமாக வீட்டில்தான் இருக்கிறாள். இதற்கு முன் இரண்டு இடம் போய்த் தட்டிப்போயிற்று. "தாத்தா, நீங்க ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேளுங்க" என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தாள்.

தாளில் முதல் கேள்வி: 'இன்று தொழில்நுட்பத் துறை சந்திக்கும் சவால்கள் என்ன?' கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தாள். செயற்கை நுண்ணறிவு, தகவல் திருட்டு, தகுந்த ஆள் கிடைக்காமை, மின்சாரச் செலவு. எல்லாம் சரிதான். ஆனால் உலக வரைபடத்தைப் பார்த்து ஊர்ப் பெயர்களை வாசித்த மாதிரி இருந்தது.

"இதையே எல்லாரும் சொல்லுவாங்களே அம்மாடி?"

"அப்ப நீங்களே சொல்லுங்க தாத்தா."

எனக்கு என்ன தெரியும்? கோப்புக்கு நூல் கட்டி, குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் ஒரு தொழில்நுட்பம் கொடிகட்டிப் பறந்ததையும் அடங்கிப் போனதையும் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். அதன் பெயர் மினிடெல். நம்மூரில் பிரான்சோடு உறவு உள்ள குடும்பங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

1970களின் தொடக்கத்தில் பிரான்சின் தொலைபேசி நிலைமை நம்மூரை விடப் பெரிதாக ஒன்றும் உசத்தியில்லை. பாதிப் பேர் இணைப்புக்குக் காத்திருக்கிறார்கள், மீதிப் பேர் டயல் டோனுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டு ஊர் ஊராகக் கம்பி இழுத்தது. 1978இல் நோரா, மேங்க் என்ற இருவர் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேனுக்காகத் தயாரித்த அறிக்கை வெளியானது. கணினியும் தொலைபேசியும் ஒன்று சேரப் போகின்றன, இதில் பிரான்ஸ் பின்தங்கினால் அமெரிக்காவின் ஐபிஎம் கம்பெனியிடம் கையேந்த வேண்டிவரும் என்பது அதன் சாரம். அரசு அறிக்கை புத்தகக் கடையில் பரபரப்பாக விற்றது என்றால் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு ஆச்சரியம்தான். நாங்கள் தட்டச்சு செய்த அறிக்கைகளைக் கரையான் மட்டுமே முழுதாக வாசித்தது.

1980இல் சேன் மாலோவில் ஐம்பத்தைந்து வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். 1982 முதல் நாடு முழுக்கக் கொடுத்தார்கள். சிறிய திரை, மடக்கும் விசைப்பலகை, தொலைபேசிக் கம்பியோடு இணைப்பு. பெட்டிக்குக் காசில்லை. தடிமனான டெலிபோன் டைரக்டரி அச்சடிக்கும் செலவு மிச்சம் என்பதுதான் கணக்கு. டைரக்டரியில் தேட முதல் மூன்று நிமிடம் இலவசம். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. '36 15' என்ற எண்ணில் தொடங்கும் சேவைகளின் விளம்பரம் பாரிஸ் சுவரெல்லாம் இருக்கும். சில விளம்பரங்களைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்த ரகமான அரட்டைச் சேவைகளில்தான் பணம் கொட்டியது.

1989இல் பெரியப்பா மகன் டிக்கெட் அனுப்பி என்னை அழைத்திருந்தார். அண்ணன் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பாரிஸுக்கு வடக்கே குடியிருந்தார். அவர் வீட்டு மேசையில் அந்தப் பெட்டி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், டைப்ரைட்டிங்கும் பிரெஞ்சு விசைப்பலகையில் கற்றவன். மேல் வரிசை 'ஏ, இசட்' என்று தொடங்கும். புதுவை அரசு வேலைக்கு ஆங்கிலப் பலகை வேண்டும் என்றதும், கற்றதை மறந்து முதலிலிருந்து தொடங்கினேன். இருபது வருடம் கழித்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்தபோது விரல்கள் தாமாகவே பழைய வரிசைக்குப் போயின. ப்ரெவே வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் தூலூஸில் இருப்பதாக மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். பெயரையும் ஊரையும் அடித்தேன். எண் வந்துவிட்டது. போன் போட்டால் அவனே எடுத்தான். இரண்டு பேருக்கும் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

"நல்ல கதைதான் தாத்தா. ஆனா இதுக்கும் என் இன்டர்வியூவுக்கும் என்ன?" என்றாள்.

இருக்கிறது. மினிடெல் மோசமாக இருந்ததால் போகவில்லை. நன்றாக இருந்ததால்தான் சிக்கல். '36 15' சேவைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஃபிராங்க். அது தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். தொலைபேசித் துறை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சேவை நடத்துபவருக்குக் கொடுக்கும். கடனும் இல்லை, வசூல் தொல்லையும் இல்லை. பெட்டி மெதுவாக வேலை செய்தாலும் ஓடுவது வாடிக்கையாளரின் நிமிடம்தானே! 1990களில் இணையம் வந்தபோது, இப்படி நிமிடத்துக்குக் காசு எண்ணிப் பழகியவர்களில் யார் அவசரப்படுவார்கள்? 1997 ஆகஸ்டில் பிரதமர் ழோஸ்பேனே ஊர்த்தேன் என்ற ஊரில் பேசும்போது, புதியது வளர மினிடெல் தடையாகக்கூடும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. அதற்குப் பிறகும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உச்சத்தில் ஏறக்குறைய தொண்ணூறு லட்சம் பெட்டிகள். 2012 ஜூன் 30 அன்றுதான் நிறுத்தினார்கள். அன்றும் லட்சக்கணக்கான பெட்டிகள் புழக்கத்தில் இருந்தன.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் லூயி பூசேன் விஷயம். அவர் பிரெஞ்சுப் பொறியாளர். 1970களில் சிக்லாத் என்ற கணினி வலைப்பின்னலை உருவாக்கினார். தகவலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் அதன் வழியில் போகவிட்டு, சேருமிடத்தில் கோத்துக்கொள்ளும் முறை. தொலைபேசித் துறைக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் தங்கள் கட்டுப்பாட்டில் ஓடும் திரான்ஸ்பாக் வலைப்பின்னலையே அவர்கள் நம்பினார்கள், மினிடெல்லும் அதன் மேல்தான் ஓடியது. பூசேனின் திட்டத்துக்கு வந்த பணம் 1970களின் இறுதியில் நின்றது. அவருடைய கருத்தை அமெரிக்காவில் செர்ஃப், கான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய இணையத்தின் அடித்தளத்தில் அது இருக்கிறது. 2013இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி பெயரிலான பொறியியல் பரிசை அவர்களோடு பூசேனுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். விதை நம் வீட்டுடையது, விளைச்சல் அடுத்த வீட்டில்.

பேத்தி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க துறையும் மணிக்கணக்குலதான் பில் போடுது தாத்தா" என்றாள்.

நான் சொல்ல நினைத்ததும் அதுதான். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, நினைவிருக்கிறதா? பழைய புரோகிராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். அதைத் திருத்த ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டியிருந்தன. நம் பிள்ளைகள் போனார்கள். இத்தனை ஆள், இத்தனை மணி, இவ்வளவு டாலர். அந்தக் கணக்கில் வீடுகள் எழும்பின, என் மகன் வீடு உட்பட. இப்போது பத்து மணி நேர வேலையை இயந்திரம் ஒரு மணியில் முடித்தால், மீதி ஒன்பது மணிக்கான பில்லை எந்த முதலாளி தானாக விட்டுக்கொடுப்பான்? விட்டுக்கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் எத்தனை நாள் பொறுப்பார்?

"இதை அவங்க முகத்துக்கு நேரா சொல்லலாமா? கோவிச்சுக்க மாட்டாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேலை வேண்டியது அவளுக்கு. என் சொந்த இன்டர்வியூவைச் சொன்னேன். மூன்று அதிகாரிகள், கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில். நான் தட்டுத்தடுமாறினேன். கடைசியில் ஒருவர், பிரெஞ்சுக்காரர்கள்தான் போய்விட்டார்களே, உன் பிரெஞ்சுப் படிப்பு இனி யாருக்கு உதவும் என்று கேட்டார். எனக்கும் அந்தப் பயம்தான், இரவில் தூக்கம் வராத பயம். அதை மறைக்கத் தெரியவில்லை. "எனக்கும் தெரியவில்லை ஐயா. ஆனால் உங்கள் அலமாரியில் உள்ள பழைய பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில்தானே இருக்கின்றன" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பேத்தி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எதையோ எழுதினாள். என்னிடம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போய் இரவு திரும்பினாள். அந்தக் கேள்வியைக் கேட்டார்களாம். மணிக்கணக்கு பில் பற்றிச் சொன்னாளாம். ஒருவர் சிரித்தாராம், இன்னொருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாராம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. காலையில் நான் கண் விழிக்கும் முன்பே அவள் போனைப் பார்த்துவிடுகிறாள்.